பாடியவரைத் தெரியும்... பதித்தவரைத் தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு, மின்னணு – தொடர்பியல் துறை)



"சங்க மலருக்குக் கவிதை எழுது, இல்லேன்னா தன்னம்பிக்கைக் கட்டுரை எழுது. அதென்ன ராக் மியூசிக், ஹெவி மெட்டல்னு?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் முன்னால் நிற்பவர் ஒருவர், பின்னால் நின்று அதற்கு வடிவம் கொடுப்பவர் இன்னொருவர். டிப்ளமோ படிக்கும் நம்மில் பெரும்பாலோர் நாளைக்கு நிற்கப் போவது பின்னால்தான். அந்த வேலை எப்பேர்ப்பட்டது என்பதைப் பாட்டை வைத்துச் சொன்னால் எல்லோருக்கும் சட்டென்று புரியும் அல்லவா?

புரொடியூசர் என்றால் யார்?

தமிழ் சினிமாவில் 'புரொடியூசர்' என்றால் பணம் போடுகிறவர். ஆனால் இசைத்தட்டு உலகத்தில் 'ரெக்கார்டு புரொடியூசர்' என்பதற்கு அர்த்தமே வேறு. சினிமாவுக்கு டைரக்டர் எப்படியோ, ஒரு ஆல்பத்துக்கு ரெக்கார்டு புரொடியூசர் அப்படி. அவருடைய வேலைகளை இப்படிப் பிரிக்கலாம்.

1. குழுவினர் கொண்டு வரும் பாட்டுகளில் எது ஆல்பத்துக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது.

2. எந்த ஸ்டூடியோ, எந்த அறை, எத்தனை நாள் என்று திட்டமிடுவது.

3. எந்த வாத்தியத்துக்கு எந்த மைக், எவ்வளவு தூரத்தில் என்று இன்ஜினியரோடு சேர்ந்து முடிவு செய்வது.

4. பத்துத் தடவை பாடியதில் எந்த 'டேக்' நல்ல டேக் என்று சொல்வது.

5. கடைசியில் ஒலிக்கலவை. எது முன்னால் கேட்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று தீர்மானிப்பது.

மைக், டேப், மிக்ஸிங் போர்டு இவற்றை இயக்குபவர் சவுண்ட் இன்ஜினியர். "இது போதும்" என்றோ "இன்னொரு தடவை போகலாம்" என்றோ சொல்கிறவர் புரொடியூசர். சிலர் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்வார்கள். நம் தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்குத் தனிப் பெயர் கிடையாது. இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் சேர்ந்து இதைச் செய்து முடித்துவிடுவார்கள். அதனால்தான் இப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

நம்ம சேலத்திலிருந்து தொடங்குவோம்

ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் அவர்களின் பெயரில் உள்ள 'டி' நம்ம திருச்செங்கோடுதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். தொழில்நுட்பம் படித்தவர் ஸ்டூடியோ கட்டினால் எப்படி இருக்கும்? 1930-களின் நடுவில், படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் என்று எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் கொண்டு வந்தார். 1937-ல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டையும் தயாரித்தது இந்தச் சேலம் கம்பெனிதான்.

அந்தக் காலத்தில் பாட்டு எப்படிப் பதிவானது? முதலில், நடிகரே கேமரா முன்னால் நின்று பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவில் விழாமல் மரத்துக்குப் பின்னாலோ செட்டுக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி.மெய்யப்பன் பின்னணிப் பாடல் முறையைக் கொண்டு வந்த பிறகு, பாட்டை முதலில் தனியாகப் பதிந்துகொண்டு பிறகு வாயசைக்கும் வழக்கம் வந்தது. அப்போதும் பாடகர், வயலின், தபேலா, புல்லாங்குழல் எல்லாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்தான். கடைசி வரியில் ஒருவர் சுருதி விட்டால் போச்சு! பாட்டு மறுபடி முதலிலிருந்து.

இதில் ஒலிக்கலவை எங்கே நடக்கும்? உட்கார வைப்பதில்தான் நடக்கும். திறந்த வெளியில் ஒலி மூலத்திலிருந்து மைக்கின் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்று நாம் படிக்கிறோம். அறைக்குள் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியும் சேர்ந்துகொள்வதால் இவ்வளவு குறையாது. ஆனாலும் தத்துவம் ஒன்றுதான். சத்தமான வாத்தியம் தூரப் போகும், மெல்லிய வாத்தியம் கிட்ட வரும், பாடகர் மைக்கின் நேர் முன்னால் நிற்பார். ஃபேடர் இல்லாத காலத்தில் ஃபேடர் என்பது நாற்காலியை நகர்த்துவதுதான்! 1950-ல் வந்த மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி' படப் பாடல்களை இதை மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஜி.ராமநாதனின் மெட்டு மட்டுமல்ல, யாரோ ஒருவர் நாற்காலிகளை யோசித்துப் போட்டிருக்கிறார் என்பதும் காதில் விழும்.

பாவும் ஊடையும்

1963 பிப்ரவரி 11-ஆம் தேதி, லண்டன் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின். நம் பழைய முறையைப் போலவே, பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து வாசித்து ஒரே மூச்சில் முடித்த ஆல்பம் அது. நாலே வருஷம் கழித்து, 1967-ல், அதே குழு, அதே மார்ட்டின், 'சார்ஜண்ட் பெப்பர்' என்ற ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் உழைத்தார்கள். நடுவில் என்ன நடந்தது? 4-டிராக் டேப் மெஷின்.

எங்கள் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான். "டிராக்னா என்ன சாமி?" என்று அப்பா கேட்டபோது தறியை வைத்துத்தான் சொன்னேன். பாவு நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. நெய்த பிறகுதான் அது துணி. அதே மாதிரி ஒரு டேப்பில் நாலு கோடு. ஒன்றில் டிரம்ஸ், ஒன்றில் கிதார், ஒன்றில் குரல் என்று தனித்தனியாக, வேறு வேறு நாளில்கூடப் பதியலாம். கடைசியில் சேர்த்து நெய்துகொள்ளலாம். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எந்தக் கலர் நூலு எங்க வரணும்னு முடிவு பண்றது யாரு?" என்றார். புரொடியூசர் யார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நாலு டிராக்கும் நிறைந்துவிட்டால்? அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒரே டிராக்காகப் பதிவார்கள். இப்போது மூன்று டிராக் காலி. ஆனால் ஒரு சிக்கல். கலந்தது கலந்ததுதான். நெய்த துணியைப் பிரித்து மறுபடி பாவு போட முடியாதே! ஆகவே டிரம்ஸ் எவ்வளவு, பாஸ் எவ்வளவு என்பதை அப்போதே, அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் நூறு டிராக் வைத்துக்கொண்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடலாம். அன்று தள்ளிப் போட வழியில்லை. முடிவெடுக்கத் தெரிந்த காதுகள் அப்படித்தான் உருவாயின.

ஒரு உதாரணம். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டு இரண்டு விதமாகப் பதிவானது. ஜான் லெனனுக்கு ஒன்றின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவும் பிடித்துப் போயிற்று. இரண்டையும் ஒட்டிவிடச் சொன்னார். ஆனால் இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம்! டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், மெதுவாக ஓட்டினால் இறங்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. மார்ட்டினும் இன்ஜினியர் ஜெஃப் எமரிக்கும் இந்த ஒரு தத்துவத்தை வைத்தே இரண்டையும் ஒரு புள்ளியில் சந்திக்க வைத்து, டேப்பை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷம் ஆன இடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. தெரிந்துகொண்டு கேட்டால்தான் தெரியும்.

இரும்பு ஊரின் இசை

ஹெவி மெட்டல் பிறந்த ஊர் என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சொல்வார்கள். ஃபவுண்டரி, ஷீட் மெட்டல், ஆட்டோமொபைல் என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். மெக்கானிக்கல் நண்பர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்கவும்.

டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் அங்கே ஒரு ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில் மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. இடது கைக்காரன் என்பதால், கிதார் தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். "இனி கிதார் இல்லை" என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொண்டான். பிற்பாடு தந்தியைத் தளர்த்தி, சுருதியை வழக்கத்தைவிட மூன்று அரை ஸ்வரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்ததால் அழுத்துவது சுலபமாயிற்று. சுருதி இறங்கியதால் ஒலி கனமாயிற்று. 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அந்தக் கனத்தைக் கேட்கலாம்.

அவர் சேர்ந்து அமைத்த குழுதான் பிளாக் சபத். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் அவர்களுடைய முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவாயிற்று. புரொடியூசர் ரோஜர் பெய்ன், இன்ஜினியர் டாம் அல்லம். குழு மேடையில் எப்படி வாசிக்குமோ அப்படியே வாசிக்க விட்டுவிட்டு, பெய்ன் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார். ஆனால் குழுவினர் போன பிறகு ஒரு வேலை செய்தார். ஆல்பத்தின் தொடக்கத்தில் மழை, இடி, தூரத்தில் ஒரு தேவாலய மணி. அந்தச் சத்தங்கள் பிறகு சேர்க்கப்பட்டவை. முதல் கிதார் அடி விழுவதற்கு முன்னாலேயே கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். எங்கே கை வைக்கக் கூடாது, எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் புரொடியூசர் வேலைதான்.

அதே டாம் அல்லம் 1980-ல் புரொடியூசராக இருந்து, பர்மிங்ஹாம் பகுதியின் இன்னொரு குழுவான ஜூடாஸ் பிரீஸ்டுக்கு ஒரு ஆல்பம் செய்தார். பெயர் 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. ஆமாம், இரும்புக் கம்பெனியின் பெயர்! இரும்பு மனிதர்கள் நடந்து வருவதைப் போல ஒரு சத்தம் வேண்டும். இன்றுபோல ஆயத்த ஒலிகள் கம்ப்யூட்டரில் கிடைக்காத காலம். என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பூன், ஃபோர்க், கத்தி வைத்த தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பதிந்தார்கள். பில்லியர்ட்ஸ் குச்சியைக் காற்றில் வீசி 'விஷ்க்' என்ற சத்தத்தை எடுத்தார்கள். இன்னொரு பாட்டில் கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள். நம் சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த தட்டும் கரண்டியும் எந்த வீட்டில் இல்லை? அதில் ஒரு மெட்டல் ஆல்பம் ஒளிந்திருக்கிறது என்று யாராவது நினைத்தோமா?

அறையும் ஒரு வாத்தியம்

1971-ல் லெட் செப்பெலின் குழு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவு செய்தது. புரொடியூசர் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ்தான். இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ். டிரம்ஸை மாடிப்படி ஆரம்பிக்கும் கீழ் ஹாலில் வைத்தார்கள். மைக்கைப் பக்கத்தில் வைக்காமல், மேல் மாடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்க விட்டார்கள். ஜான் பான்ஹாம் அடித்த அடி, படிக்கட்டு முழுக்க எதிரொலித்து மேலே வந்து சேர்ந்தது. 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் கேட்பது அதுதான். அந்த டிரம்ஸ் பெரியதாகக் கேட்பதற்குக் காரணம் டிரம்ஸ் மட்டுமல்ல, அந்தப் படிக்கட்டும்தான்.

அதே வருஷம் டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழு சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ நகரத்துக்கு ஆல்பம் பதியப் போனது. பதிவு செய்ய இருந்த கசினோ அரங்கம், அங்கே வேறொரு குழுவின் கச்சேரி நடந்தபோது தீப்பிடித்து எரிந்துபோனது. கடைசியில் ஆளில்லாத ஒரு ஹோட்டலின் வராந்தாவில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியை அடக்கி, வெளியே நிறுத்திய ஸ்டூடியோ வேனுக்கு ஒயர் இழுத்து ஆல்பத்தை முடித்தார்கள். இன்ஜினியர் மார்ட்டின் பர்ச். 1972-ல் அது 'மெஷின் ஹெட்' ஆக வெளிவந்தது. ஹாஸ்டலில் கிதார் வாங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே வாசித்துக் காட்டும் அந்த நாலு ஸ்வரம், எரிந்துபோன அந்தக் கட்டிடத்தைப் பற்றிய பாட்டில் வருவது! ஒருவர் எதிரொலியைத் தேடிப் போனார், இன்னொருவர் மெத்தை போட்டு அடக்கினார். இரண்டும் சரிதான். எது இந்தப் பாட்டுக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

இந்த மார்ட்டின் பர்ச் பிற்பாடு பிளாக் சபத்தின் 'ஹெவன் அண்ட் ஹெல்' (1980) ஆல்பத்துக்கும், 1981 முதல் 1992 வரை அயர்ன் மெய்டன் ஆல்பங்களுக்கும் புரொடியூசராக இருந்தார். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது, இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் பல ஆயிரம் பேர் கூடி அந்தப் பாட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள். அவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த ஒலி, பர்ச்சின் காதைத் தாண்டி வந்த ஒலி.

கோடம்பாக்கத்தின் இரண்டு வழிகள்

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்த வேலையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்து காட்டினார்கள்.

இளையராஜாவின் வழி, எழுதி வைப்பது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஸ்வரங்களை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். கலைஞர்கள் ஸ்டூடியோவில் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒலிக்கலவையின் பாதி தாளிலேயே முடிந்துவிடும். குரல் பாடும்போது வயலின் ஒதுங்கும், வயலின் எழும்போது பாஸ் இறங்கி வழி விடும். அவரே கிதார் கலைஞர் என்பதால் பாஸ் கிதாருக்கு அவர் கொடுத்த இடம் தனி. சசிதரன் வாசித்த அந்த பாஸ் வரிகளை மட்டும் பின்தொடர்ந்து கேட்டால் அதுவே தனிப் பாட்டு. 1978-ல் 'பிரியா' படப் பாடல்களை ஸ்டீரியோவில் கொடுத்தார். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். அதே 1986-ல் சினிமா இல்லாமல், பாட்டு வரிகள் இல்லாமல், 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கை. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் அதில் முன்னால் நிற்கும். கதை, காட்சி, நடிகர் எதையும் நம்பாமல் ஒலியை மட்டுமே நம்பிய ஆல்பம் அது.

ஏ.ஆர்.ரஹ்மானின் வழி, அடுக்கி வைப்பது. இளம் வயதில் சென்னையில் 'ரூட்ஸ்', 'நெமசிஸ் அவென்யூ' என்ற குழுக்களில் வாசித்தவர். ராக் இசையோடு நேரடிப் பழக்கம் உண்டு. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவைக் கட்டினார். இது ஏன் முக்கியம்? வாடகை ஸ்டூடியோவில் கால்ஷீட் ஓடும், கடிகாரம் பார்த்து வேலை செய்ய வேண்டும். சொந்த ஸ்டூடியோவில் ஒரு சத்தத்துக்காக ராத்திரி முழுக்க உட்காரலாம். பாடகர் தனியாக வந்து பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். அதில் எதை எடுப்பது, எங்கே வைப்பது என்பது பிறகு முடிவாகும். பாட்டு கடைசியில் எப்படி இருக்கும் என்பது கேசட் வந்த பிறகுதான் தெரிந்தது என்று பாடகர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1992 ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வந்தது. முதல் படத்திலேயே தேசிய விருது. மெட்டு புதுசு மட்டுமல்ல, அந்த பாஸும் அந்தத் துல்லியமும் தமிழ்க் காதுக்குப் புதுசு. அவரோடு பல ஆல்பங்களில் ஒலிக்கலவை செய்த எச்.ஸ்ரீதர் பலமுறை தேசிய விருது வாங்கியவர். 2008 டிசம்பரில் மறைந்தார்.

முதல் வழியில் முடிவுகள் பதிவுக்கு முன்னால் எடுக்கப்படுகின்றன. இரண்டாம் வழியில் பதிவுக்குப் பின்னால். ஆனால் இரண்டிலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: கேட்பவர் காதில் என்ன விழ வேண்டும்?

முடிவு மாறினால் என்ன ஆகும்?

1986-ல் ஸ்லேயர் என்ற குழுவின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்துக்கு ரிக் ரூபின் புரொடியூசர். மிக வேகமான வாசிப்பு. அவர் செய்த பெரிய வேலை எதையும் சேர்க்காததுதான். எதிரொலியை எடுத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை வந்து குழம்பும் அல்லவா? அதேதான். எதிரொலி போனதும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. மொத்த ஆல்பமே 29 நிமிஷத்துக்குள்.

அதே ரூபின் 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பத்துக்குப் புரொடியூசர். இந்த முறை ரசிகர்களே புகார் சொன்னார்கள். எல்லாவற்றையும் உச்ச சத்தத்துக்கு ஏற்றியதில் அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது. நம் லேபில் ஆம்ப்ளிஃபயருக்கு அளவுக்கு மீறி இன்புட் கொடுத்தால் சி.ஆர்.ஓ. திரையில் சைன் வேவின் உச்சி தட்டையாகிறதே, அந்த 'கிளிப்பிங்'தான் இது. ஒரு வீடியோ கேமில் வந்த அதே பாட்டுகள் இவ்வளவு வெட்டுப்படாமல் இருந்ததால், இரண்டையும் ஒப்பிட்டு ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாமே சத்தம் என்றால் எதுவுமே சத்தமில்லை!

இதே மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இன்னொரு பாடம். பாஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் பாட்டு முழுக்க வாசித்திருக்கிறார். ஆனால் ஒலிக்கலவையில் பாஸைக் குறைத்துவிட்டதால் அவர் வாசித்தது காதிலேயே விழுவதில்லை. ஒருவர் செய்த வேலை, ஒரு ஃபேடர் இறங்கியதில் காணாமல் போயிற்று. புரொடியூசரின் கையில் இருப்பது வெறும் பொத்தான் அல்ல, இன்னொருவரின் உழைப்பு.

நாமும் கேட்டுப் பழகலாம்

காது பிறவியில் வருவது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தறிப் பட்டறையில் எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடும்போது, திரும்பிப் பார்க்காமலேயே "மூணாவது தறியில சத்தம் மாறுது" என்று அப்பா சொல்வார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அவர் சங்கீதம் படித்தவர் அல்ல. இருபது வருஷம் கேட்டுக் கேட்டு வந்த காது. அதனால் மூன்று பயிற்சிகள் சொல்கிறேன், செய்து பாருங்கள்.

1. பிடித்த ஒரு பாட்டை ஐந்து தடவை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். முதலில் பாஸ், கடைசியில் குரல்.

2. இயர்போனில் இடது பக்கத்தை மட்டும் மாட்டிக் கேளுங்கள், பிறகு வலது பக்கம். எதை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் படம் போடுங்கள்.

3. ஒரு நண்பரைப் பாடச் சொல்லி போனில் பதியுங்கள். ஹாஸ்டல் ரூமில் ஒருமுறை, மாடிப்படியில் ஒருமுறை, மெத்தை, போர்வையெல்லாம் சுற்றிலும் அடுக்கி ஒருமுறை. லெட் செப்பெலினும் டீப் பர்ப்பிளும் செய்தது இதைத்தான்.

பெயர் எங்கே?

இந்த வேலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் 1940-களிலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் டிப்ளமோ படிப்புகளாகத் தொடங்கப்பட்டன. அதுவே வளர்ந்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். அதாவது ஒலிப்பதிவு என்பது நம்ம வீட்டுப் படிப்பு நண்பர்களே! எங்கோ இருக்கும் மேதைகளின் மந்திரம் அல்ல.

ஆனால் பெயர்? பழைய இசைத்தட்டு உறைகளில் படத்தின் பெயர், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் வரை இருக்கும். வாசித்தவர், பதித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ரஹ்மான் ஆல்பங்களின் கேசட் அட்டையில் பொடி எழுத்தில் புல்லாங்குழல் யார், பாஸ் யார், ஒலிப்பதிவு யார் என்று வந்தபோது அது பெரிய மாற்றம். இன்று போனில் பாட்டு கேட்கும்போது அந்த அட்டையும் இல்லை. பெயர் தெரியாமல் போனால் அந்த வேலையே இல்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். "என்ன பெரிய வேலை, பட்டனைத் திருகுறதுதானே!" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. தறிக்காரரையும், லாரிக்கு பாடி கட்டுபவரையும், கொலுசுக்குப் பற்ற வைப்பவரையும் பற்றி இந்தப் பேச்சை நம் ஊரில் கேட்காதவர் உண்டா?

ஆகவே மாணவர் சங்கத்துக்கு ஒரு சின்ன கோரிக்கை வைத்து முடிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழா அழைப்பிதழில் தலைமை யார், முன்னிலை யார், வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று வரிசையாகப் போடுகிறோம். விழாவுக்கு முதல் நாளே வந்து ஒயர் இழுத்து, குழாய் கட்டி, 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' சொல்லி, கடைசி ஆள் போகும் வரை நிற்கிற ரேடியோ செட் அண்ணனின் பெயர் எந்த வருஷமும் வந்ததில்லை. இந்த வருஷ அழைப்பிதழில் 'ஒலி' என்று ஒரு வரி சேர்த்து அவர் பெயரைப் போடுவோம். எழுத்து சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கிற மாதிரி இருந்தால் போதும்.